பதினான்காம் கட்டம்

3 மார்ச் 2003, திங்கள்

இன்று நூற்றுப் பன்னிரண்டு படிவம். வேலைக்குச் சேர்ந்த மூன்று வாரத்தில் இதுதான் அதிகம். ராம்ப்ரஸாத் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "மெஷினே தோத்துடும் போலிருக்கே ஜோஹரா மேடம்" என்றார். காண்ட்ராக்ட் எடுத்த சென்னைக் கம்பெனிக்கு இங்கே அவர்தான் பொறுப்பு. நாங்கள் நாலு பேர், நாலு கம்ப்யூட்டர், பாத்திரக்கடை மாடியில் ஒரு ஹால். கீழே யாராவது குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கினால் மேலே எனக்கு எண் தவறிவிடும்.

பட்டுத் தறிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம். மாவட்டம் முழுக்கப் பல ஆயிரம்; பிள்ளையார்பாளையத்தில் மட்டும் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு தறி. தறிக்கு ஒரு படிவம், படிவத்துக்கு இருபத்திரண்டு கட்டம். வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியவர்கள் வேறு ஆட்கள். நாங்கள் அடிப்பதோடு சரி. ஜூன் முப்பதோடு பட்டியலை மூடிவிடுவார்கள். அதற்கப்புறம் நெசவாளர் சங்கம் நெய்யப் பாவு நூல் கொடுப்பதானாலும் சரி, காப்பீட்டு அட்டை ஆனாலும் சரி, அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால்தான். ஐந்து வருஷத்துக்குத் திறக்க மாட்டார்களாம்.

என் வேகத்தின் ரகசியம் பதினான்காம் கட்டம். 'மனைவியின் தொழில்.' எந்தப் படிவத்தை எடுத்தாலும் அங்கே 'வீட்டு வேலை' என்றுதான் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அடிப்பானேன்? அந்த இரண்டு வார்த்தையையும் ஒரே விசையில் அடக்கி வைத்துவிட்டேன். ஒரு தட்டு, முடிந்தது. மற்ற மூன்று பேருக்கும் சொல்லிக் கொடுத்தேன். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த மூளை சும்மாவா?

6 மார்ச், வியாழன்

நூற்றிருபது. விரல் வலி. வேறு விசேஷம் இல்லை.

20 மார்ச், வியாழன்

மதியம் ஒரு அம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்தார். ஐம்பது வயது இருக்கும். பெயர் கிருஷ்ணம்மாள், பிள்ளையார்பாளையம். வீட்டுக்காரர் வீராசாமி போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, தறியில் பாதியில் நின்ற சேலையை நெய்து முடித்து, சங்கத்தில் கொடுத்துவிட்டு அடுத்த பாவைக் கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"கம்ப்யூட்டர்ல உன் தறி ஓடலைன்னு வந்துடுச்சாம். மேல போய்க் கேளுன்னாங்க. ஓடலைன்னு நீங்க எப்படிமா சொல்லலாம்? காலைல கூட நெய்ஞ்சிட்டுதானே வரேன்?"

எண்ணைப் போட்டுப் பார்த்தேன். நெசவாளர் இறப்பு என்று சங்கம் எழுதி அனுப்பியதும் புரோகிராம் தானாகவே 'செயல்படாத தறி' என்று மாற்றியிருக்கிறது. கீழே பதினான்காம் கட்டம். கிருஷ்ணம்மாள், மனைவி, வீட்டு வேலை. அடித்தவர் குறியீடு 03.

03 நான்தான்.

"உங்களுக்கு நெய்யத் தெரியுமா?" என்று கேட்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியவில்லை. "இருபத்தாறு வருசமா அதைத்தாம்மா செய்யறேன்" என்றார்.

பிறகு ஏன் வீட்டு வேலை என்று எழுத விட்டார்? அந்த நேரத்தில் கேட்கத் தோன்றவில்லை. பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் வரைக்கும் அந்த விசையைத் தொடக் கை வரவில்லை. இன்று நாற்பத்தொன்றுதான்.

23 மார்ச், ஞாயிறு

கிருஷ்ணம்மாள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே தறிச் சத்தம் கேட்டது. இந்த ஊரில்தான் பிறந்தேன், என் வீட்டுக்காரரே தறிக்கு ஓட்டை போட்டு டிசைன் அட்டை அடிக்கிறவர், ஆனால் ஒரு தறிக்கு எதிரில் நான் ஐந்து நிமிஷம் நின்றது கிடையாது. எங்கள் ஒலிமுகமதுபேட்டையில் இருந்து இங்கே வர என்ன பெரிய தூரம்! வெட்கமாக இருந்தது.

தறிப் பள்ளத்தில் காலை விட்டு, நெய்கிறவர் உட்காரும் நடு இடத்தில் இருந்தவர் கிருஷ்ணம்மாள். பக்கத்தில் அவர் தங்கை, கரைக்கு வேறு நிற நூல் கோக்கும் நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். சேலை உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்றால் இரண்டு ஆள் இல்லாமல் முடியாது. வெளியாரிடம் கடனாக வாங்கிய பாவாம் அது, கொஞ்சம்தான் மீதி.

வீராசாமிக்கு மூன்று வருஷமாக முழங்கால் போய்விட்டது, மிதிக்க முடியாது. அதனால் அவர் பக்கத்து இடத்துக்கு வந்து நாடா தள்ள, இந்த அம்மா பள்ளத்தில் இறங்கியிருக்கிறார். அவர் போனபோது சேலையில் முந்தி மட்டும் பாக்கி. சங்கத்தில் சேலை பிரித்துப் பார்க்கிறவர் வெளிச்சத்தில் போட்டுப் பார்த்து, கை மாறிய இடமே தெரியவில்லையே என்றாராம். மாறினால்தானே தெரியும்?

"அப்புறம் ஏன் வீட்டு வேலைன்னு சொன்னீங்க?"

"நான் எங்கமா சொன்னேன்? எழுத வந்த சார் வாசல்ல நின்னு கூப்பிட்டாரு. வெளி ஆம்பள வந்தா உக்காந்துக்கினே இருப்பாங்களா? மேல ஏறி அடுப்பங்கரைக்குப் போயிட்டேன். அவரு காலைப் புடிச்சுக்கினு போய் என் எடத்துல உக்காந்தாரு. வந்த சார் அவரைப் பாத்து எழுதிக்கினு போயிட்டாரு."

"எல்லா வீட்லயும் இப்படித்தானா?"

"எல்லா வூட்லயும்தான். மரியாதைன்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

நான் அடித்த எல்லாப் படிவமும் வரிசையாகக் கண் முன்னால் வந்தது. கணக்கெடுக்க வந்த பதினோரு பேரும் ஆண்கள். அவர்கள் பொய் எழுதவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார்கள். அவர்கள் பார்க்கிறபோது பெண்கள் அடுப்பங்கரையில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

25 மார்ச், செவ்வாய்

ராம்ப்ரஸாத்திடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார், அதைக் குறை சொல்ல முடியாது. கேட்டுவிட்டு, "மேடம், படிவத்துல வீராசாமி கையெழுத்து இருக்கு. நாம டைப்பிங் மட்டும். திருத்தினா நாமதான் மாட்டுவோம்" என்றார்.

"தப்புன்னு தெரிஞ்சு அடிக்கணுமா?"

"தெரிஞ்சுக்கப் போனது யாரு?"

என் இடத்துக்குத் திரும்பி அடுத்த படிவத்தை எடுத்தேன். அந்தக் கேள்வி இன்னும் ஜீரணமாகவில்லை.

2 ஏப்ரல், புதன்

அரை நாள் லீவு போட்டு உதவி இயக்குநர் கலியாணசுந்தரத்தைப் பார்த்தேன். பட்டியலில் கையெழுத்துப் போடும் அதிகாரி அவர்தான். ஒன்றரை மணி நேரம் காக்க வைத்தார்கள். கூப்பிட்ட பிறகு உட்காரச் சொன்னார்.

அவர் சொன்னதன் சாரம்: ஒரு தறிக்கு ஒரு பெயர்தான். இறந்தவருக்குப் பதிலாக வேறு பெயர் போட வேண்டுமானால், கணக்கெடுப்பில் அவர் நெசவாளர் என்று இருக்க வேண்டும். இந்த அம்மா அப்படி இல்லை. அதுதான் விதி.

"சார், இது ஒருத்தங்க கதை இல்லை. நூத்துக்கணக்கில் இருக்கும்" என்றேன்.

"இருக்கும்னா? எண்ணிப் பாத்தீங்களா?"

"இல்லை."

"எண்ணிட்டு வாங்க."

துரத்துவதற்காகத்தான் சொன்னார். எனக்குத் தெரியாதா? ஆனால் சொல்லிவிட்டார். எண்ணத்தான் போகிறேன்.

6 ஏப்ரல், ஞாயிறு

நாற்பது பக்க நோட்டு ஒன்று. வீட்டுக்காரரின் டி.வி.எஸ். ஐம்பதில் பின்னால் உட்கார்ந்து போனேன். தெருமுனையில் அவரை நிற்க வைத்துவிட்டு நான் மட்டும் நடந்தேன். கூப்பிடவில்லை, கதவைத் தட்டவில்லை. சத்தம் வருகிற வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்து, யார் எந்த இடத்தில் இருக்கிறார் என்று எழுதிக்கொண்ட பிறகுதான் பேச்சு. பர்தா போட்ட பொம்பளை எதற்குத் தறியை எட்டிப் பார்க்கிறாள் என்று முதலில் முறைத்தார்கள். பிறகு காபி கொடுத்தார்கள்.

பத்தொன்பது வீடு. நடு இடத்தில் பெண் ஏழு. பக்கத்து இடத்தில் பெண் பதினொன்று.

13 ஏப்ரல், ஞாயிறு

இருபத்திரண்டு வீடு. ஒரு வீட்டில் புருஷன் கத்தினான். "என் பேரை எடுத்துட்டு அவ பேரைப் போடப் போறியா? நான் என்னா, உக்காந்து சாப்பிடறேனா?" நியாயமான கேள்வி. ஒரு தறிக்கு ஒரு பெயர் என்றால் ஒருவரை ஏற்ற ஒருவரை இறக்கத்தான் வேண்டும். இதை நான் யோசிக்கவே இல்லை.

அப்படியானால் கேட்க வேண்டியது திருத்தம் இல்லை. இன்னொரு கட்டம்.

27 ஏப்ரல், ஞாயிறு

மொத்தம் எண்பத்தொரு வீடு. நடு இடத்தில் பெண் முப்பத்துநாலு. பக்கத்து இடத்தில் நாற்பத்தொன்று. பெண்ணே இல்லாத தறி ஆறு. எங்கள் கம்ப்யூட்டர் கணக்கில் நெசவாளர் பெண்கள்: பூஜ்யம்.

எழுதிப் பார்க்கவே கோபம் வருகிறது. அந்தப் பூஜ்யத்தில் பாதி என் விரல் போட்டது.

9 மே, வெள்ளி

நோட்டைப் பார்த்துவிட்டு நேரிலேயே வருகிறேன் என்று கலியாணசுந்தரம் சொன்னபோது குதிக்காத குறைதான். இன்று வந்தார். ஜீப்பில். கூட இரண்டு பேர், சங்கத்து ஆள் ஒருவர், ராம்ப்ரஸாத், நான்.

தெருவில் ஆடு ஒன்று குறுக்கே நின்றது. டிரைவர் ஹார்ன் அடித்தான், நீளமாக. அவ்வளவுதான். தெருவில் ஒவ்வொரு சத்தமாக நின்றது. முதல் வீட்டில் நுழைகிறோம், ஆள் நடு இடத்தில் மீசையைத் தடவிக்கொண்டு இருக்கிறார், அவர் சம்சாரம் கையில் கரண்டியோடு நிற்கிறாள். இரண்டாவது வீட்டிலும் கரண்டி. மூன்றாவது வீட்டில் காலில் பட்டு நூல் ஒட்டியிருக்க ஒருத்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

ஆறு வீடு. ஆறும் அப்படியே. கிருஷ்ணம்மாள் கூடப் புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு கதவோரம் நின்றார். தறி காலியாக இருந்தது. செயல்படாத தறி!

கலியாணசுந்தரம் கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை. "நல்ல எண்ணத்துலதான் செஞ்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

10 மே, சனி

ராம்ப்ரஸாத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: இன்னொரு தடவை ஆபீசருக்கு முன்னால் கம்பெனி பேர் கெட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்களாம்.

பாத்துக்கட்டும்! நான் என்ன திருடினேனா? எண்பத்தொரு வூட்டு வாசல்ல வெயில்ல நின்னவ நான். இவங்க ஜீப்புல வந்து ஹார்ன் அடிச்சு எல்லாரையும் எழுப்பி விட்டுட்டு, ஒண்ணுமில்லைன்னு போவாங்க. ஒண்ணுமில்லையாம்! அந்தப் பொம்பளைங்க மேலயும் கோபம்தான். எதுக்கு எழுந்திரிக்கணும்? ஒரே ஒருத்தி உக்காந்திருந்தா போதுமே!

வீட்டில் சொல்லி அழுதேன். வீட்டுக்காரர் அட்டை அடித்துக்கொண்டே கேட்டார். இவர் எப்போதும் இப்படித்தான், கை நிற்காது. கடைசியில் ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டி, "இதுல ஓட்டை இல்லாத எடத்துல பூ விழாது. நெய்யறவன் எவ்ளோ கெட்டிக்காரனா இருந்தாலும் விழாது. நீ ஓட்டை போடப் பாக்கறே. கை வலிக்கத்தான் செய்யும்" என்றார்.

வேலை போனால் என்ன செய்வது என்று கேட்டேன். "போனா பாத்துக்கலாம். நீ பாதியில வுட்டா உன்னை வூட்ல வெச்சுச் சமாளிக்கறதுதான் கஷ்டம்."

சிரிப்பு வந்துவிட்டது.

18 மே, ஞாயிறு

கிருஷ்ணம்மாள் வீட்டில் பதினான்கு பெண்கள். நான் கேட்டது ஒன்றுதான்: அடுத்த தடவை ஆபீசர் வந்தால் இறங்காதீர்கள், ஏறாதீர்கள், எழுந்திருக்காதீர்கள். இருக்கிற இடத்திலேயே இருங்கள்.

சிரித்தார்கள். "பெரிய மனுசன் நின்னுக்கினு இருக்கசொல்ல நான் குந்திக்கினு இருக்கிறதா?" என்றாள் ஒருத்தி. "எங்க மாமியார் செத்தது செத்தாங்க, கனவுல வந்து அடிப்பாங்க" என்றாள் இன்னொருத்தி.

கிருஷ்ணம்மாள் தறிப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடன் பாவும் முடிந்துவிட்டது. தறி வெறும் கட்டையாக நின்றது. பட்டியல் மூட இன்னும் ஆறு வாரம். அதில் பெயர் ஏறாவிட்டால் ஐந்து வருஷம். அந்தத் தறியை விற்றுவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான் என்று போன வாரம் சொல்லியிருந்தார்.

எல்லாரும் கிளம்பும்போது சொன்னார்: "யாராவது ஒரு பாவு குடுங்க. வெச்சு ஓட்டறேன். நான் எழுந்திரிக்கமாட்டேன்."

மாமியார் கனவில் வந்து அடிப்பார் என்று சிரித்தவளே கொடுத்தாள்.

2 ஜூன், திங்கள்

மகள் ஆஷிஃபாவுக்கு இன்று பள்ளி திறந்தது. நாலாம் வகுப்பு. புத்தகத்துக்கெல்லாம் அட்டை போட்டு, பள்ளி டைரியின் முதல் பக்கத்தை நிரப்பிக் கொடுத்து, ஓடினேன். ஆபீசர் அலுவலகத்துக்குப் போய் மூன்றாவது தடவையாக மனு. இந்தத் தடவை ஒரே ஒரு வரி: 'ஐயா நடந்து வர வேண்டும், தனியாக.' படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றார். "இது முடிஞ்சாதான் சார் வேற வேலை" என்றேன்.

5 ஜூன், வியாழன்

வந்தார். ஸ்கூட்டரைக் கோயில் பக்கத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். காலை பத்து மணி. தெரு முழுக்கத் தறிச் சத்தம். நான் நாலு அடி பின்னால்.

முதல் வீடு கிருஷ்ணம்மாளுடையது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கிருஷ்ணம்மாள் நிமிர்ந்து பார்த்தார். கை இரண்டும் பலகையை ஊன்றின. எழுந்துவிட்டார் என்றே நினைத்தேன். இடுப்பு அரை சாண் உயர்ந்துவிட்டது. பிறகு மெல்ல உட்கார்ந்தார். முகம் வேர்த்து ஊற்றியது. "வாங்க சார்" என்று சொல்லிவிட்டு மிதித்தார். நாடா ஒரு தடவை தவறி விழுந்தது. தங்கை எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் தவறவில்லை.

கலியாணசுந்தரம் நின்று பார்த்தார். நிறைய நேரம்.

"படிவத்துல வீட்டு வேலைன்னு இருக்கேம்மா?"

"எழுந்து போனா அடுப்பு வேலைதானே சார் செய்யறேன். அந்த நேரமா பாத்து எழுதிட்டாங்க. இன்னிக்கி நான் எழுந்திரிக்கலை. இப்ப பாத்து எழுதுங்க."

இரண்டாவது வீட்டில் பழக்கத்தில் ஒருத்தி சடாரென்று ஏறி அடுப்பங்கரை வரை போய்விட்டாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்து அவர் கண்ணெதிரிலேயே பள்ளத்தில் இறங்கினாள். புருஷன் பக்கத்து இடத்துக்கு நகர்ந்தான். கலியாணசுந்தரத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த ஏழு வீட்டில் ஐந்து பேர் அசையவில்லை.

தெருமுனையில் நின்று கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். "நானும் பத்து வருஷமா இந்தத் தெருவுக்கு வர்றேன். ஜீப்புல" என்றார்.

9 ஜூன், திங்கள்

'இரண்டாம் நெசவாளர்' என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்தோடு கடிதம் சென்னைக்குப் போய்விட்டது. பிள்ளையார்பாளையத்தில் தறி வாரியாக மறு சரிபார்ப்புக்கும் உத்தரவு. போகிறவர்கள் பெண்கள்; மகளிர் குழுவில் இருந்து இருபத்திரண்டு பேர். அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது யார்? 03தான்.

ராம்ப்ரஸாத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "ஆயிரத்து நூத்து நாப்பத்தாறும் மறுபடியுமா?" ஆமாம் ராம்ப்ரஸாத், மறுபடியும்தான்.

16 ஜூன், திங்கள்

புது புரோகிராம் சி.டி. பஸ் பார்சலில் வந்தது. போட்டால் திறக்கவில்லை. சென்னைக்கு ஏழு தடவை போன். ஊரெல்லாம் உற்சவக் கூட்டம், லைன் கிடைப்பதே பாடு. நாலரை மணிக்குத் திறந்தது. புதுக் கட்டம் மஞ்சள் நிறத்தில் இருக்கிறது. முதல் பெயர் நான்தான் அடித்தேன். யார் பெயர் என்று எழுத வேண்டியதில்லை.

பழைய விசையில் இருந்த 'வீட்டு வேலை'யை அழித்துவிட்டேன்.

28 ஜூன், சனி

மின்வெட்டு. இன்னும் நூற்றறுபது பாக்கி. ராம்ப்ரஸாத் எங்கிருந்தோ ஜெனரேட்டர் பிடித்து வந்திருக்கிறார். அவரும் ஒரு மெஷினில் உட்கார்ந்து அடிக்கிறார். இரண்டு விரலால்தான். இருந்தாலும் அடிக்கிறார்.

30 ஜூன், திங்கள்

முடிந்தது. ஆயிரத்து நூற்று நாற்பத்தாறில் எண்ணூற்று எழுபது தறிக்கு இரண்டு பெயர். பெண் பெயர் முதலில் வருகிற தறி இருநூற்று அறுபத்துநாலு.

24 ஜூலை, வியாழன்

கிருஷ்ணம்மாளுக்குச் சங்கத்தில் பாவு கொடுத்துவிட்டார்கள். மாம்பழ நிறம், அரக்குக் கரை.

14 ஆகஸ்ட், வியாழன்

அச்சான பட்டியலைக் காட்டலாம் என்று கிருஷ்ணம்மாள் வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னால் வேறொரு ஆபீஸ்காரர் வாசலில் நின்றார், ஏதோ குடிநீர்க் கணக்காம். "வீட்ல யாரும்மா?" என்று கூப்பிட்டார். தறி நிற்கவில்லை. உள்ளேயிருந்து குரல் வந்தது: "அந்த ஸ்டூல்ல குந்துப்பா. இந்த ஓட்டம் முடிச்சிட்டுப் பேசறேன்." அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நானும் அவருக்குப் பக்கத்தில் நின்று காத்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் காத்திருந்ததில்லை.

சாயங்காலம் ஆஷிஃபா பள்ளி டைரியில் கையெழுத்து வாங்க வந்தாள். பக்கத்தைத் தேடும்போது முதல் பக்கம் விரிந்தது. தகப்பனார் தொழில்: டிசைன் அட்டை அடித்தல். தாயார் தொழில்: இல்லத்தரசி.

என் கையெழுத்து. ஜூன் இரண்டாம் தேதி, மனுவைக் கையில் வைத்துக்கொண்டு ஓடிய அதே காலையில் நான் எழுதியது. யாரும் வந்து கேட்கவில்லை. நானேதான்.

பேனாவை எடுத்து அடித்துவிட்டு, மேலே 'கம்ப்யூட்டர் ஆபரேட்டர்' என்று எழுதினேன்.

"மா, அடிச்சு எழுதினா மிஸ் திட்டுவாங்க" என்றாள் ஆஷிஃபா.

"திட்டினா என்னை வரச் சொல்லு" என்றேன்.